சீகைப் பட்டையும் நுண்ணுயிரும்: கழிவுத் தொட்டிக்குள் இனியும் யார் இறங்குவது?

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சீகை மரத்தை அறியாதவர் இல்லை. வீட்டுக்காரருக்கு அது விறகு. வனத்துறைக்கு அது புல்வெளியை விழுங்கிய அயல் மரம். தோல் தொழிலில் இருப்பவருக்கு அது பட்டை. தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் வேறு. இது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம். இதன் உலர்ந்த பட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு துவர்ப்புப் பொருள்தான். 'டானின்' எனப்படும் அந்தத் துவர்ப்பு, அழுகிப்போகும் பச்சைத் தோலை ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பதனிட்ட தோலாக மாற்றுகிறது.

தோல் கழிவை ரசாயனம் குறைத்து, இலை, பட்டை, விதை, நுண்ணுயிர் ஆகியவற்றைக் கொண்டு சுத்தம் செய்யும் ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. சில வழிகள் தொழிற்சாலைக்குள்ளும் வந்துவிட்டன. நல்ல செய்திதான். ஆனால் இந்தப் பகுதியைப் படிப்பவர்கள் கூடுதலாக ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். சுத்தமாகப் போவது தண்ணீர் மட்டும்தானா? அந்தத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறவரின் வேலையும் மாறப் போகிறதா?

மலைக்கும் தோலுக்கும் உள்ள உறவு

நீலகிரியில் வேலூர், ஆம்பூர் போலத் தோல் பதனிடும் நகரம் எதுவும் இல்லை. ஆனாலும் உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்த வாட்டில் வகைகள், விடுதலைக்குப் பிறகு அரசுத் திட்டங்களின்கீழ் மலைப் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. அப்படி நட்டதற்கு முக்கியக் காரணம் பட்டை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உரிக்கப்பட்ட பட்டை, மேட்டுப்பாளையத்தில் இருந்த 'டான் இந்தியா' ஆலைக்குப் போனது. பட்டையை நறுக்கி, சூடான நீரில் ஊறவைத்து, துவர்ப்புச் சாற்றைப் பிரித்து, வற்றவைத்துப் பொடியாக்கினால் அது தோல் பதனிடும் சரக்கு.

இன்னொரு உறவு தண்ணீர். நம் மலையில் பெய்யும் மழை பவானியிலும் மாயாற்றிலும் இறங்கி, பவானிசாகரில் தேங்கி, ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் வரை போகிறது. அந்த வாய்க்காலில் தோல், சாயக் கழிவுகள் கலப்பதை எதிர்த்து விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். உதகையில் பளிங்காகப் புறப்படும் தண்ணீர்தான் அங்கே நிறம் மாறி நிற்கிறது.

மூன்றாவது உறவு மனிதர்கள். இரும்பு, மண்பாண்டம், மரம், தோல் என்று பல கைவினைகளையும் ஒரே சமூகமாகச் செய்த கோத்தர் இந்த மலையின் மக்கள். சமவெளியிலிருந்து நகராட்சித் துப்புரவு வேலைக்கு வந்த அருந்ததியர் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, டான்டீ தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் தலித்துகள் ஏராளம். தோல் தொழிலின் கதை இவர்களுக்கு அந்நியமான கதை அல்ல.

தீட்டு என்று ஒதுக்கிய அறிவு

ஆவாரம் பட்டை, கொன்றைப் பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு. தமிழ்நாட்டில் தோல் பதனிடப் பயன்பட்ட பழைய சரக்குகள் இவை. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் ஆங்கிலேயர் காலத்தில் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் கப்பலேறியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எந்தப் பட்டையை எத்தனை நாள் ஊறவைப்பது, சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை எப்போது எடுப்பது, மயிர் இளகிவிட்டதா என்று விரலால் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் வேதியியல். அதைச் செய்தவர்களை ஊர் 'தீட்டு' என்றது. குடியிருப்பை ஊருக்கு வெளியே தள்ளியது. செத்த மாட்டை இழுப்பது சாதிக் கடமை என்று சொல்லி, அதையே இழிவுக்குச் சான்றாகவும் காட்டியது. 1927-இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டைத் தூக்குவதை விட்டுவிடச் சொன்னது இந்தச் சூழ்ச்சியை உடைக்கத்தான். கைவினையை அவர் பழிக்கவில்லை. பிறப்பால் சுமத்தப்பட்ட கட்டாயத்தை எதிர்த்தார்.

நுண்ணுயிரும் இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. ஐரோப்பாவில் சுண்ணாம்பில் ஊறிய தோலை மென்மையாக்க நாய்ச் சாணத்தையும் புறா எச்சத்தையும் கரைத்த தொட்டிகளில் போடுவார்கள். ஏழைத் தொழிலாளர்கள் கையாலேயே அதைக் கலக்க வேண்டும். சாணத்தில் வேலை செய்வது நொதிகள்தான் என்று கருதி, 1907-இல் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் விலங்குக் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு அதற்கு மாற்றுச் சரக்கு தயாரித்தார். அதை வைத்தே ஒரு பெரிய ரசாயன நிறுவனம் வளர்ந்தது. சாணத் தொட்டியில் நின்றவரின் அனுபவம் அழுக்காகக் கருதப்பட்டது; அதே வேலை ஆய்வகத்துக்குள் போனதும் கண்டுபிடிப்பானது. நொதி வந்ததால் சாணத்தில் கைவிட வேண்டிய அவலம் ஒழிந்தது என்பதும் உண்மை. அறிவியலிடம் நாம் எதிர்பார்ப்பது இதைத்தான்.

குரோமியம் வந்த பிறகு

பட்டையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் ஒரே நாளில் முடிந்துவிடும். தோல் மெத்தென்று இருக்கும், சூட்டையும் தாங்கும். அதனால் இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோமியத் தோல்தான். ஆனால் பழைய முறையில் தொட்டியில் போடும் குரோமியத்தில் 60 முதல் 70 சதவீதம்தான் தோலில் ஏறும். மீதி கழிவு நீரில் போகும். ஒரு டன் பச்சைத் தோலிலிருந்து கிடைக்கும் பதனிட்ட தோல் ஏறத்தாழ 200 முதல் 250 கிலோதான். மற்றதெல்லாம் மயிர், சதை, கொழுப்பு, சீவல், கசடு என்று கழிவாகிறது.

இதன் விலையை வட ஆற்காடும் திண்டுக்கல்லும் கொடுத்தன. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது. திண்டுக்கல் வட்டார கிராமங்களில் ஆய்வு செய்த 467 கிணறுகளில் 350 கெட்டுப் போயிருந்தன. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. ஆனாலும் வழக்கு ஓயவில்லை. இழப்பீட்டை உரியவர்களுக்குச் சேர்க்கவும், அதைத் தொழிற்சாலைகளிடம் வசூலிக்கவும், பாலாற்றை மீட்க ஒரு குழு அமைக்கவும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

நிலம் உள்ளவரின் இழப்பைப் பட்டாவை வைத்து அளக்கலாம். அந்த நிலத்தில் களை எடுத்தும் நாற்று நட்டும் பிழைத்த தலித் பெண்ணின் கூலி இழப்பை எதை வைத்து அளப்பது? நிலம் பாழானதும் அவர் போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் அதே தோல் தொழிற்சாலையின் வாசல்.

இதை உதகையிலிருந்து எழுதும்போது இன்னொன்றையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 1891 டிசம்பர் 1 அன்று அயோத்திதாசப் பண்டிதர் முன்னின்று நடத்திய திராவிட மகாஜன சபை மாநாடு கூடியது இந்த மலையில்தான். கல்வி, வேலைவாய்ப்புக் கோரிக்கைகளோடு, பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தடையின்றித் தண்ணீர் எடுக்கும் உரிமையையும் அந்த மாநாடு கேட்டது. கிணற்றுக்குப் போகும் உரிமையைப் போராடிப் பெற்ற மக்களுக்குக் கிணற்று நீரே நஞ்சாகிக் கிடைத்தால், அந்த உரிமை பாதிதான் கிடைத்திருக்கிறது.

நுண்ணுயிர் செய்வதும் செய்யாததும்

தோல் கழிவு என்பது ஒரே பொருள் அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு கழிவு வருகிறது. எதற்கு எந்த மருந்து என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் மயிர் நீக்குதல். வழக்கமாகச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுவார்கள். மயிர் கூழாகக் கரைந்து கழிவு நீரில் கலக்கும். துர்நாற்றமும் நச்சு வாயுவும் கிளம்புவது இங்கிருந்துதான். இதற்கு மாற்று, பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களை வளர்த்து எடுக்கும் புரத நொதிகள். இவை மயிர் வேரைப் பிடித்திருக்கும் புரதத்தை மட்டும் இளக்கும். மயிர் முழுதாக உதிரும், வடிகட்டி எடுத்துவிடலாம். சல்பைடு பெருமளவு குறையும். சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் துறைகளில் இது ஒன்று.

அடுத்து, தோலின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுக்கும் சதைக் கழிவு. காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிர்களைக் கொண்டு இதை நொதிக்கவைத்தால் மீத்தேன் கிடைக்கும். நம் ஊர்ச் சாண எரிவாயுக் கலன் மாதிரிதான். நொதிக்கவைத்த சதைக் கழிவை மாட்டுச் சாணத்தோடும் இலைக் குப்பையோடும் சேர்த்து மண்புழு உரமாக்கும் முறையையும் அந்த நிலையத்தின் ஆய்வாளர்கள் பரிசோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு நிபந்தனை உண்டு. இது குரோமியம் சேர்வதற்கு முந்தைய கழிவுக்கு மட்டுமே பொருந்தும். குரோமியத் தோலின் சீவலை உரக்குழியில் போட்டால் நிலம் கெடும்.

மூன்றாவது குரோமியம். இங்கேதான் மிகைப்படுத்தல் அதிகம். 'குரோமியத்தைத் தின்னும் பாக்டீரியா' என்று செய்தி வரும். எந்த நுண்ணுயிரும் ஓர் உலோகத்தைத் தின்று இல்லாமல் ஆக்க முடியாது. தோல் பதனிடுவது மூன்று இணைதிறன் குரோமியத்தைக் கொண்டு. சூடு, காற்று, வேறு ரசாயனம் பட்டு அது ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறினால் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சாகிவிடும். நீரில் எளிதில் கரைந்து நிலத்தடிக்கும் இறங்கும். சில பாக்டீரியாக்கள் இந்த ஆறாம் வடிவத்தைத் திரும்ப மூன்றாம் வடிவத்துக்கு மாற்றுகின்றன. நஞ்சின் வீரியம் குறைகிறது. உலோகம் அங்கேயேதான் இருக்கிறது. எனவே முதல் வேலை, கழிவில் போகும் குரோமியத்தைப் பிடிப்பது. மக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் கீழே படியும். படிந்ததை அமிலத்தில் கரைத்துத் திரும்பவும் பதனிடப் பயன்படுத்தலாம். இது தொழிற்சாலைகளில் நடைமுறையில் உள்ள வழி.

நான்காவது உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் சுமார் 40 சதவீதம் வரை உப்புப் போடுவார்கள். அந்த உப்பெல்லாம் முதல் கழுவலிலேயே தண்ணீரில் வந்துவிடும். உப்பை அழிக்க நுண்ணுயிரால் முடியாது. பாலாற்றங்கரைத் தென்னைகளும் வயல்களும் கருகியதில் உப்பின் பங்கு பெரியது. கழுவுவதற்கு முன் தோலை உதறி உப்பைத் தனியே எடுப்பது, இலைப்பொடிகளைச் சேர்த்து உப்பின் அளவைக் குறைப்பது, கடைசியாகச் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கலனும் வைத்து உப்பைப் பிரிப்பது ஆகியவையே வழி. கடைசி வழிக்கு மின்சாரமும் பணமும் நிறையச் செலவாகும்.

முருங்கை விதை, தேற்றாங்கொட்டை, தேயிலைக் கழிவு

கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானைக்குள் தேய்ப்பது நம் பாட்டிமார் அறிந்தது. முருங்கை விதைப் பருப்பிலும் அதே குணம் இருக்கிறது. அதன் புரதம் நேர்மின் ஏற்றம் உடையது. தண்ணீரில் மிதக்கும் மண் துகள் எதிர்மின் ஏற்றம் உடையது. இரண்டும் ஒட்டிக் கட்டியாகி அடியில் படிந்துவிடும். தோல் கழிவு நீரின் கலங்கலைக் குறைக்கவும் இவற்றை ஆய்வகங்களில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். படிகாரத்துக்கு மாற்றாக ஓரளவு பயன் தருகின்றன. ஆனால் கரைந்த உப்பை இவையும் எடுக்காது.

பள்ளி மாணவர்கள் இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் சேற்று நீர் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக முற்றிய இரண்டு முருங்கை விதைகளின் ஓட்டை நீக்கி, பருப்பைப் பொடித்து, சிறிது தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். அந்தப் பாலைச் சேற்று நீரில் ஊற்றி ஒரு நிமிடம் வேகமாகவும், ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அருகில் விதை சேர்க்காத சேற்று நீரை இன்னொரு பாட்டிலில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தெளிந்த நீர் குடிக்கத் தகுந்த நீர் ஆகிவிடாது; கிருமி போகக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு நெருக்கமான பொருள் தேயிலைத் தொழிற்சாலைக் கழிவு. நாரும் துவர்ப்பும் உள்ள இந்தக் கழிவு, தண்ணீரில் கரைந்திருக்கும் குரோமியத்தைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலிவான வடிகட்டி என்ற வகையில் நல்ல யோசனைதான். இரண்டு விஷயங்களை மறந்துவிடக் கூடாது. தேயிலைக் கழிவைக் கலப்படக்காரர்கள் தேயிலையோடு சேர்த்துவிடாமல் இருக்க, 1959-ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் யாரும் வாங்கவோ விற்கவோ முடியாது. மேலும், குரோமியத்தை உறிஞ்சிய பிறகு அந்தத் தூள் அபாயக் கழிவு. அதைத் தோட்டத்துக்கு உரமாகப் போடவும் கூடாது, எரிக்கவும் கூடாது. எரித்தால் குரோமியம் நஞ்சு வடிவத்துக்கு மாற வாய்ப்பு உண்டு. சமவெளியில் ஒரு தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டு, அந்த நஞ்சை மலையில் இன்னொரு ஏழையின் வாசலில் கொட்டுவது தீர்வாகாது.

சீகைக்கு இரண்டு வேலை

சீகைப் பட்டைக்குத் திரும்புவோம். குரோமியத்துக்குப் பதிலாகவோ, குரோமியத்தின் அளவைக் குறைக்கவோ இதைப் பயன்படுத்தலாம் என்பது ஒரு வேலை. பட்டையில் மட்டும் பதனிட்ட தோலின் கசடில் குரோமியம் இருக்காது. அதைக் கையாள்வது எளிது. ஆனால் பட்டை என்றாலே சுத்தம் என்று எண்ணிவிட வேண்டாம். பட்டைச் சாற்றுக் கழிவு கரும்பழுப்பாக இருக்கும், மெதுவாகத்தான் சிதையும். துவர்ப்பு மிகுந்தால், சுத்திகரிப்புக் கலனில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையே முடக்கிவிடும். அதற்கும் சுத்திகரிப்பு வேண்டும்.

இரண்டாவது வேலை நம்மூரில் அதிகம் பேசப்படாதது. பிரேசிலில் இதே மரத்தின் பட்டைச் சாற்றை வேதிமாற்றம் செய்து, தண்ணீரில் உள்ள கலங்கலைப் படியவைக்கும் பொருளாகவே விற்கிறார்கள். அதாவது தோலைப் பதனிடவும் சீகை, பதனிட்ட கழிவு நீரைத் தெளியவைக்கவும் சீகை.

நீலகிரியில் இந்த மரம் வெட்டப்பட வேண்டிய மரம். சோலைக்கும் புல்வெளிக்கும் தோடரின் எருமை மேய்ச்சலுக்கும் அது செய்த கேடு எல்லோரும் அறிந்தது. அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்க 2022-இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையைக் காகிதக் கூழுக்காகத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் எடுத்துச் சென்ற முன்மாதிரியும் உண்டு. அகற்றும் சீகையின் மரத்துக்கு விலை இருக்குமானால் பட்டைக்கும் ஒரு விலை இருக்க வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. பட்டைக்குச் சந்தை வந்துவிட்டது என்று சொல்லிப் புதிதாகச் சீகை நடத் தொடங்கினால், பழைய தவறே திரும்ப வரும். அகற்றும் மரத்தின் பட்டை மட்டும் என்பதே வரம்பாக இருக்க வேண்டும். அந்த வேலையும் ஒப்பந்தக்காரர் கையில் போய், மழையில் நனைந்தபடி பட்டை உரிப்பவருக்கு அற்பக் கூலியும், ஆலைக்காரருக்கு 'பசுமை' முத்திரையும் என்று முடியக் கூடாது. பழங்குடி, தலித் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பட்டையைச் சேகரித்து, உலர்த்தி, எடைபோட்டு விற்க வழி செய்தால்தான் மலையில் மீட்கப்படும் புல்வெளியால் மனிதருக்கும் பயன்.

தொட்டிக்குள் இறங்குகிறவர்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். தோல் தொழிற்சாலைகளில் தோலைக் கழுவுவது, சதை சுரண்டுவது, தொட்டியைக் கழுவுவது, கசடு அள்ளுவது ஆகிய ஈர வேலைகளைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும். அண்மைக் காலமாக வடமாநிலத் தொழிலாளர்களும் சேர்ந்திருக்கிறார்கள். பலர் ஒப்பந்தக் கூலிகள்.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். அது சுத்தம் செய்வதற்காகக் கட்டிய நிலையம் என்பதை மனதில் வைக்க வேண்டும். 'சுற்றுச்சூழலுக்கு நல்லது' என்று சொல்லப்படும் ஏற்பாடும், அதைக் கட்டியவர்கள் மனித உயிரைக் கணக்கில் எடுக்காவிட்டால், கொலைக்களம் ஆகிவிடும்.

நுண்ணுயிர் முறைக்கும் இது பொருந்தும். காற்றில்லாத கசடில் வாழும் சில பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். சல்பைடு கழிவோடு அமிலக் கழிவு கலந்தாலும் இதே வாயு உடனே கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைக்கும் அந்த நிமிடம்தான் ஆபத்து. முதலில் இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் இறப்பார்கள். தோல் தொழிற்சாலைத் தொட்டிகளில் நடந்த சாவுச் செய்திகளைப் படித்தால் இந்த வரிசை திரும்பத் திரும்ப வரும்.

இப்படிப்பட்ட தொட்டிக்குள் யாரையும் அனுப்புவதற்கு முன் வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவருக்கு மூச்சுக் கருவியும் கயிறு பூட்டிய கச்சையும் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 36-ஆவது பிரிவு சொன்னது. மலக்குழிக்கும் பாதாளச் சாக்கடைக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாமல் யாரும் சாகவில்லை. 'இவர்கள் இறங்குகிறவர்கள்தானே' என்ற எண்ணம்தான் சட்டப் புத்தகத்தை மூடி வைக்கிறது.

ஆகவே எந்தப் பசுமைத் தொழில்நுட்பத்தையும் இந்தக் கேள்விகளை வைத்து எடைபோட வேண்டும். கசடை அள்ளுவது இயந்திரமா, கையா? வாயு அளக்கும் கருவி இருக்கிறதா? நொதி முறைக்கு மாறியதால் மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்குப் பங்கு உண்டா? சுத்திகரிப்பு நிலையத்தின் மேற்பார்வையாளர், ஆய்வக உதவியாளர் வேலைகளுக்குத் தொட்டி கழுவியவரின் பிள்ளைகள் போகிறார்களா, இல்லை அவர்களுக்கும் மறுபடி தொட்டிதானா?

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிப்பு இருக்கிறது. பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேரலாம். நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம், வேதியியல் படிப்பவர்களும் இந்தத் துறைக்குள் வர வழி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான கல்வி உதவித்தொகை உண்டு. தொழில் தொடங்க நினைப்பவர்கள் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் கேட்கலாம்.

தோல் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பிறப்பைக் காட்டி ஒருவரை அந்த வேலைக்குள் தள்ளுவதுதான் இழிவு. விரும்பிப் படித்து, வெள்ளை அங்கி அணிந்து, எந்தப் பாக்டீரியா எந்தக் கழிவைச் சிதைக்கிறது என்று சொல்லும் இடத்துக்கு வருவது வேறு. பட்டையின் துவர்ப்பையும் சுண்ணாம்பின் காரத்தையும் கைப்பழக்கத்தில் அறிந்திருந்த முன்னோரின் அறிவை ஊர் பதிவு செய்யவில்லை. அதை ஆய்வேட்டில் எழுதும் வாய்ப்பு இந்தத் தலைமுறைக்கு இருக்கிறது.

அடுத்த முறை வனத்துறை சீகை வெட்டும் இடத்தைக் கடந்து போகும்போது, கீழே கிடக்கும் பட்டையை ஒரு துண்டு எடுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டுப் பாருங்கள். சில மணி நேரத்தில் நீர் செம்பழுப்பாகும். அதில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் மெல்ல மெல்லக் கருநிறமாகும். டானின் இருப்பதற்கு அது அடையாளம். அங்கிருந்து தொடங்கலாம்.